அவர் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்

நிச்சயம் முடிந்த சில நாட்களில் அவர் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு திருச்சுழியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அருப்புக்கோட்டையில் எங்களுக்குக் கீழே மிளகாய் வத்தல் கமிஷன் கடை, மேலே வீடு. மூட்டை பிரிக்கும் நாளில் மாடிப்படி ஏறுகிற யாரும் தும்மாமல் வர முடியாது. அவரும் தும்மிக்கொண்டே ஏறி வந்து, மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட என் அறையில் பெட்டியை இறக்கி, தரையில் உட்கார்ந்து ஒயர்களை மாட்டினார். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மா பதறினாள். அப்பா ஆள் விட்டுக் குளிர்ந்த கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். எனக்கு அன்று இருந்த சந்தோஷம் நிச்சயத்தன்று சங்கிலி போட்டபோதுகூட இல்லை. தான் ஆசையாகப் புழங்கிய ஒன்றை ஒரு மனிதர் எனக்குத் தருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திருச்சுழியில் அவர்கள் குடும்பத்துக்கு உரக்கடை. அவர் இன்ஜினியரிங் படித்து, சென்னையில் கொஞ்சகாலம் வேலை பார்த்து, பிடிக்காமல் திரும்பி வந்து அப்பாவோடு கடையில் இருந்தார். பகலெல்லாம் யூரியாவும் மக்காச்சோள விதையும். சாயங்காலமானால் ஆன்லைன் கேம். இரண்டு அணிகள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தும் துப்பாக்கி விளையாட்டு அது. அவருடைய அணியில் பந்தல்குடி, காரியாபட்டி, மல்லாங்கிணறு என்று சுற்றுவட்டாரப் பையன்கள் இருந்தார்கள். அவர்தான் லீடர். அவருடைய பெயரே வேகத்தால் வந்தது. எதிராளி திரும்பிப் பார்ப்பதற்குள் திரையில் அவருடைய ஆள் மறைவிடத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பான். இந்தப் பக்கத்தில் அந்த கேமை விளையாடுகிற எவனும் அவரைத் தெரியாது என்று சொல்லமாட்டான்.

நான் ஊரில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். அதுவரை கேம் எதுவும் விளையாடியதில்லை. அவர்தான் சொல்லிக் கொடுத்தார். மதுரையிலிருந்து அவர் புது கம்ப்யூட்டர் வாங்கியிருந்ததால் பழையது எனக்கு வந்தது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் இருவரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவோம். கல்யாணத்துக்கு முன் நிச்சயமானவர்கள் போனில் பேசினால் எங்கள் வீட்டில் முகம் சுளிப்பார்கள். கேம் என்றால் பேசாமல் இருந்தார்கள். அந்த கேமில் வறண்ட ஆறு ஒன்று உண்டு. அகலமான மணல். அதைத் தாண்டி ஓடக் கற்றுக்கொடுத்ததுதான் அவர் எனக்குச் செய்த முதல் உபதேசம். நான் செத்து விழும்போதெல்லாம் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

சில மாதங்களில் நான் சாவது குறைந்தது. அப்புறம் மற்றவர்கள் என்னிடம் செத்தார்கள். அணியில் ஓர் ஆள் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது அவரே என்னைச் சேர்த்துக்கொண்டார். பந்தல்குடியில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவன் அணியில் இருந்தான். அவன் எல்லோர் முன்னாலும், மதினி வந்ததிலிருந்து அண்ணனுக்கு வேலை குறைந்துவிட்டது என்று சொன்னான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவர் அன்று பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

உண்மையில் அவருக்கு வேலை குறையவில்லை, வேகம்தான் குறைந்திருந்தது. புது கம்ப்யூட்டர் விலை உயர்ந்தது, படம் கண்ணாடி மாதிரி தெரியும். ஆனால் முன்பு எட்டிய இடத்தை இப்போது எட்டுவதற்குள் குண்டு வாங்கினார். நெட்டைத் திட்டினார், நாற்காலியைத் திட்டினார், நடுவில் கூப்பிடும் அப்பாவைத் திட்டினார். அப்புறம் என்மேல் திரும்பினார். நான் யாரையாவது வீழ்த்தினால், பொம்பளைப் பிள்ளைக்குப் பாவம் பார்த்து விட்டுக்கொடுக்கிறான்கள் என்றார். சமைக்கத் தெரியுமா என்று அணி முழுக்கக் கேட்கும்படி கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு சரியாகிவிடும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயம்புத்தூர் அணி ஒன்றோடு போட்டி இருந்தது. என் தகரக் கூரை காய்ந்து, அறை அடுப்படி மாதிரி இருந்தது. ஃபேன் அனலைத்தான் வாரி இறைத்தது. நான் அன்று ஓடிய ஓட்டம் எனக்கே புரியவில்லை. மணலில் என் ஆள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் போனான். ஒரு இடத்தில் பின்னால் இழுத்துவிடப்பட்டான், மறுபடி முன்னால் போனான். நாங்கள் ஜெயித்தோம். எதிரணியில் ஒருவன், இது போங்காட்டம் என்று சொல்லிவிட்டு வெளியேறினான்.

நான் ஹெட்போனைக் கழற்றப் போனபோது அவர் எல்லோரையும் இருக்கச் சொன்னார். எங்கள் ஆட்டம் எப்போதும் பதிவாகும். அவர் அதை ஓடவிட்டு, என் ஆள் மணலில் தாவும் இடத்தை மெதுவாக, திரும்பத் திரும்பக் காட்டினார்.

"இது என்ன?" என்றார்.

தெரியவில்லை, நெட் கோளாறாக இருக்கும் என்றேன்.

"நெட்டு போனா ஆளு நிப்பான். பறக்க மாட்டான். எந்த ஸ்பீடு ஹேக்கு போட்டிருக்க? கம்ப்யூட்டர் டீச்சர்தான நீ, ஒனக்கா தெரியாது?"

வேகத்தைக் கூட்டும் திருட்டு சாஃப்ட்வேர் எதுவும் நான் போடவில்லை என்று சொன்னேன். என் குரல் நடுங்கியது. நடுங்கியதையே அவர் பிடித்துக்கொண்டார். பொய் சொல்கிறவர்களுக்குத்தான் குரல் நடுங்கும் என்றார். என்னை எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். செய்யாததற்கு எப்படிக் கேட்பது என்றேன். அப்படியானால் வெளியே போ என்றார். நான் பதில் சொல்வதற்குள் என்னை நீக்கிவிட்டார். அணியில் இருந்த எல்லோரும் என்மேல் கேம் கம்பெனிக்குப் புகார் அனுப்பினார்கள். மறுநாள் என் ஐடி நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டிருந்தது.

அந்தக் கிளிப் அவ்வளவோடு நிற்கவில்லை. யாரோ அதற்குப் பாட்டுப் போட்டு வாட்ஸப்பில் விட்டார்கள். நான் பாடம் நடத்திய ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் அந்த கேமை விளையாடுகிறவர்கள். போர்டில் எழுதத் திரும்பினால் பின்னால் விமானம் மாதிரி சத்தம் எழுப்பினார்கள். டீச்சர், கொஞ்சம் பறந்து காட்டுங்க என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள், நான் தனியாக உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள். அதையாவது தாங்கியிருப்பேன். ஆனால் பையன்களிடமிருந்து வீடுகளுக்குப் போனபோது செய்தி வேறாக மாறியிருந்தது. வீட்டில் இருக்கிறவர்களுக்கு கேமும் ஹேக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் டீச்சர் கம்ப்யூட்டரில் ஏதோ மோசடி செய்து மாட்டிக்கொண்டாள் என்று அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சிலர் அது பேங்க் மோசடி என்றார்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, பெற்றோர்கள் கேட்கிறார்கள், இந்த வருஷத்தோடு நின்றுகொள்ளுங்கள் என்றார். கேம் என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, எதுவாக இருந்தால் என்ன என்றார்.

வீட்டில் நாளைக்கொரு பேச்சு. அப்பா கடையில் யாரோ சிரித்துவிட்டார்களாம், சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அம்மா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "ஆம்பளைய ஜெயிக்கணும்னு ஒனக்கு யாருடி சொன்னது?" என்பதுதான். ஏமாற்றினேனா இல்லையா என்று அவள் கேட்கவே இல்லை.

இத்தனைக்கும் அவர் நிச்சயத்தை முறிக்கவில்லை. போன் எடுக்கமாட்டார், ஆனால் முறிக்கவில்லை. நான் வந்து காலில் விழுவேன் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

வேலை போனபின் பகல் முழுக்க அந்த அறையில்தான் கிடந்தேன். ஒருநாள் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது நெட் ஒயர் அறுந்துபோனது. சரிசெய்ய யாரும் வரவில்லை. கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்த பழைய பாடங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மில்லில் ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது. பிறந்ததிலிருந்து கேட்கிற சங்கு, அது தவறாது. திரையின் மூலையில் இருந்த கடிகாரம் சங்கைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. மறுநாள் இன்னும் தள்ளிப் போயிருந்தது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கம்ப்யூட்டரின் மதர்போர்டில் ஒரு சின்ன கிரிஸ்டல் இருக்கும். அதன் துடிப்பை எண்ணித்தான் கம்ப்யூட்டர் நேரத்தை அறிகிறது. இதை நானே பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்தத் துடிப்பு கெட்டுப்போய் வேகமாக அடித்தால் கம்ப்யூட்டரின் கணக்கில் காலம் வேகமாகப் போகும். கேமில் நம் ஆள் எவ்வளவு தூரம் ஓடினான் என்பதை அந்த நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதனால் ஆள் மற்றவர்களைவிட வேகமாக ஓடுவான். தூரம் ரொம்பவும் மிஞ்சிப்போனால் கேம் கம்பெனியின் சர்வர் பிடித்துப் பின்னால் இழுத்துவிடும். நெட் இருக்கும்வரை கம்ப்யூட்டர் அவ்வப்போது சரியான நேரத்தை வெளியிலிருந்து வாங்கிக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

போனில் இருந்த ஸ்டாப்வாட்சைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விடியற்காலைக் குளிர்ச்சியில் வித்தியாசம் கொஞ்சமாக இருந்தது. மத்தியானம் தகரம் காய்ந்தபோது கண்ணெதிரே கம்ப்யூட்டரின் கடிகாரம் முந்தி ஓடியது. சூடு ஏற ஏறக் கோளாறும் ஏறியது. அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். கொஞ்சநேரம் கழித்து என் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஓயாமல் போன் செய்தேன். கடைசியில் எடுத்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இன்ஜினியர், உடனே புரிந்துகொண்டார். நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு இருந்த நிம்மதியில் வாய் நிற்கவில்லை.

"இத்தன நாளா ஓடுனது நான் இல்லீங்க, இந்தப் பெட்டிதான்," என்றேன். "ஒங்ககிட்ட இருந்தப்ப ஒங்களுக்கும் இதுதான ஓடியிருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இத வேற யாருட்டயும் சொன்னியா?" என்றார்.

"இல்லீங்க."

"சொல்லாத. நாளைக்கு வாரேன். பெட்டிய மதுரையில ஒருத்தருட்ட காட்டி உறுதி பண்ணிட்டு, நானே எல்லாருக்கும் சொல்லுறேன்."

மறுநாள் வந்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார். அம்மா கொடுத்த காபியைக் குடித்தார், ரொம்ப மெலிந்துவிட்டாயே என்று என்னிடம் கேட்டார். ஒயர்களை நானே கழற்றிச் சுருட்டிக் கொடுத்தேன். பெட்டியைக் காரில் வைத்து, ஆடாமல் இருக்க என் பழைய போர்வையையும் சுற்றி அனுப்பினேன்.

அந்த வாரக் கடைசியில் அவருடைய அம்மாவும் தாய்மாமாவும் நிச்சயத்தட்டில் நாங்கள் வைத்த வேட்டி சட்டையையும் மற்றதையும் பையில் போட்டு எடுத்து வந்தார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தப்பா நெனைக்காதீக அண்ணாச்சி," என்றார் அவருடைய அம்மா அப்பாவிடம். "வெளையாட்டுலயே இந்தப் போங்கு பண்ணுற பிள்ள, நாளைக்கு வீட்டுல எதத் தொட்டு எதப் பண்ணுமோ. எங்க பையன் பாவம், வெள்ளந்தி. பேசித் திருத்தலாம்னு பாத்தான், முடியல."

அப்பா தலையைக் குனிந்துகொண்டே என்னைச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார். கொக்கி சிக்கிக்கொண்டது. அவருடைய அம்மாவே என் பின்னால் வந்து நின்று கழற்றிக்கொண்டார். நான் கம்ப்யூட்டரின் கோளாறைச் சொன்னேன். அவர்கள் யாருக்கும் புரியவில்லை. பெட்டி எங்கே என்று தாய்மாமா கேட்டார். உங்கள் வீட்டில்தான் என்றேன். அப்படியானால் இதைப் பற்றி என்ன பேச்சு என்றார்.

போனில் எடுத்த படத்தை அணியில் இருந்த பந்தல்குடிக்காரனுக்கு அனுப்பினேன். அவன்தான் கொஞ்சம் நியாயம் தெரிந்தவன் என்று நினைத்திருந்தேன். கடிகாரத்தை மாற்றி வைக்க ஒன்றாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும் மேடம் என்று பதில் அனுப்பிவிட்டு என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். என் ஐடியைத் திருப்பித் தரக் கேட்டு கேம் கம்பெனிக்கு எழுதினேன். தானாகவே ஒரு பதில் வந்தது, முடிவில் மாற்றமில்லை என்று.

பிறகு ஒருநாள் அவர்களுடைய ஆட்டம் நேரலையில் ஓடியதைப் போனில் பார்த்தேன். அவருடைய ஆள் மணலில் பழைய வேகத்தில் ஓடினான். ஏசி அறையில் வைத்திருப்பார்போல, என்னுடையது மாதிரி வெளிப்படையாகத் தாவவில்லை. அண்ணன் ஃபார்முக்கு வந்துட்டாரு என்று பந்தல்குடிக்காரன் சொல்வது கேட்டது.

அதற்கு அடுத்த நாள் நான் திருச்சுழிக்கு பஸ் ஏறினேன். வீட்டில் சொல்லவில்லை. மழை பெய்து ஓய்ந்திருந்த சமயம், உரக்கடை வாசலில் விதை வாங்க வந்தவர்கள் கூட்டமாக நின்றார்கள். அவர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி செத்தது. பிறகு யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல், "வாங்க, மக்காச்சோளமா, பருத்தியா?" என்றார்.

கம்ப்யூட்டரை எடுக்க வந்தேன் என்றேன். நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து, கிட்டங்கியில் இருக்கிறது என்று சொல்லி என்னை உள்ளே கூப்பிட்டார். யூரியா மூட்டைகளுக்கு நடுவில் நின்றுதான் பேசினோம். குரலை உயர்த்தவே இல்லை அவர்.

தெரிந்துதானே செய்தீர்கள் என்று கேட்டேன்.

"தெரியும்," என்றார். "ஒங்கிட்ட குடுக்குறப்ப தெரியாது. நீ சொல்லித்தான் தெரியும். அதுக்கு இப்ப என்ன? நான் ஓடுனா தெறமைம்பான். நீ ஓடுனா போங்குன்னு சொல்லுவான். நீயே போயி ஊரெல்லாம் சொல்லு, எவன் நம்புறான்னு பாப்பம்."

எனக்கு வேலை போயிற்று, கல்யாணம் போயிற்று என்றேன்.

"சிரிச்சேல்ல போனுல," என்றார். "இப்ப சிரி."

வெளியே வந்து, கடைப்பையனிடம் இந்த அம்மாவுக்கு பஸ் வரும் இடத்தைக் காட்டச் சொன்னார். பத்து வயதிலிருந்து எனக்குத் தெரிந்த பஸ் ஸ்டாண்டு அது. ஊர் திரும்பும்வரை இரண்டு பக்கமும் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அழுகை வரவில்லை. அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. யாரும் நம்பப்போவதில்லை.

அதனால் யாரிடமும் சொல்லவில்லை. விருதுநகரில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். கிடைத்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்து, வாங்குவதற்கு முன் ஸ்டாப்வாட்சை வைத்துச் சோதித்தேன். ஆம்பளை என்று தோன்றும்படி ஒரு ஐடி போட்டுக்கொண்டு மறுபடி விளையாடத் தொடங்கினேன். முதல் வாரம் எனக்குப் பயமாக இருந்தது, எல்லாம் அந்தப் பெட்டியின் புண்ணியம்தானா என்று. கால் முன்போல் ஓடவில்லை, உண்மை. ஆனால் குறி தப்பவில்லை. கை என்னுடையதாகத்தான் இருந்திருக்கிறது.

பிறகு அவரைத் தேடினேன். எந்த நேரத்தில் வருவார், எந்த வழியில் ஓடுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், அவரே கற்றுக்கொடுத்த வழி. அவருக்குத் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியில் மாதக்கணக்கில் ஓடியவள் நான். மணலில் நேராக எவ்வளவு தூரம் ஓடினால் சர்வர் பிடித்து இழுக்கும், இழுத்தால் எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்பது என் விரலுக்குத் தெரியும். அவர் ஓடுவதைக் குறிபார்க்கவே மாட்டேன். பின்னால் இருக்கும் வெறும் மணலைக் குறிபார்த்துக் காத்திருப்பேன். அவர் அங்கே வந்து விழுவார். சுடுவேன்.

தினமும் சுட்டேன். அவருடைய அணி பார்க்கும்போது, நேரலை ஓடும்போது, போட்டிக்கு முந்தின பயிற்சியில். முதலில் நெட்டைத் திட்டினார். அப்புறம் என்மேல் புகார் அனுப்பினார். என் கம்ப்யூட்டரில் குறை இருந்தால்தானே. அணியில் கேலி தொடங்கியது. மல்லாங்கிணற்றுப் பையன் வேறு அணிக்குப் போனான். பந்தல்குடிக்காரன் ஒருநாள், "அண்ணே, நீங்க கொஞ்சநாள் ஒக்காந்து பாருங்கண்ணே, நான் லீடு பண்ணுறேன்," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

அந்த கேமில் எதிராளியோடும் பேச முடியும். ஒரு சாயங்காலம் அவர் பேசினார். குரல் கரகரத்திருந்தது.

"யாருண்ணே நீங்க? நான் என்ன பண்ணுனேன் ஒங்களுக்கு? எதுக்கு என்னையவே அடிக்கிறீக?"

என் மைக் அணைத்துத்தான் இருந்தது. அதை இயக்கலாமா என்று விரலை வைத்தேன். பெயரைச் சொன்னால் அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும், காரணம் கிடைத்தால் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். விரலை எடுத்துக்கொண்டு, அவர் அடுத்து வந்து விழப்போகும் மணலைக் குறிபார்த்தேன்.

கொஞ்ச நாளில் அவர் வருவது நின்றது. எனக்கு விருதுநகரில் ஒரு பயிற்சி மையத்தில் வேலை கிடைத்து, தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். சென்ற மாதம் ஒரு காதுகுத்து வீட்டில் அவருடைய அம்மாவை என் அம்மா பார்த்திருக்கிறாள். சாயங்காலமானால் பையன் எதிலும் ஒட்டாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான், புதிதாக வந்த மருமகளோடும் பேசுவதில்லை, என்ன கண் பட்டதோ தெரியவில்லை என்று அந்தம்மா அழுதாராம். அம்மா வந்து தோசை ஊற்றிக்கொண்டே அதைச் சொல்லி, என்ன இருந்தாலும் பாவம் என்றாள்.

இன்னொன்று ஊற்று என்று தட்டை நீட்டினேன்.